கெட்ட குமாரன் கதை: அண்ணன் கட்சியிலேயே நிற்கும் பிள்ளைகள்

ஞாயிறு பள்ளி, 7–9 வயது, 40 நிமிட வகுப்பு. பாடம் பைபிளின் லூக்கா 15:11–32: சொத்தில் தன் பங்கை வாங்கிச் செலவழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனை அப்பா மன்னித்து விருந்து வைக்கிறார்; வீட்டிலேயே உழைத்த மூத்தவன் கோபித்து உள்ளே வர மறுக்கிறான். இளையவன் வீடு திரும்பும்வரை பிள்ளைகள் கதையோடு வருகிறார்கள். அவனுக்காக விருந்துக்குக் கன்று அடித்ததும் சிக்கல்: "ஒழுங்கா வேலை செஞ்ச அண்ணனுக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லையா?" நியாயமான கேள்விதான். ஆனால் அதன்பின் மன்னிப்பைப் பற்றிய பேச்சே எடுபடுவதில்லை.

ஃபிளானல் படங்கள் (துணிப் பலகையில் ஒட்டிக் கதை சொல்லும் படங்கள்) வைத்தாயிற்று. நடிக்கவும் வைத்தாயிற்று; அண்ணன் வேடத்துக்குத்தான் போட்டி, அப்பா வேடத்துக்கு ஆளில்லை. விருந்து தொடங்கும் 24ஆம் வசனத்தோடு நிறுத்தினால் பாதிக் கதை போய்விடுகிறது. பங்கு 12ஆம் வசனத்திலேயே பிரிந்தாயிற்று, மிச்சமெல்லாம் அண்ணனுக்குத்தான் என்று விளக்கினால் சின்னவர்களுக்கு எட்டவில்லை.

28ஆம் வசனத்தில் அப்பா மூத்தவனையும் தேடி வெளியே வருகிறாரே, அண்ணனைக் கெட்டவனாக்காமல் அதை 10 நிமிடத்தில் உணர்த்த உங்கள் வகுப்பில் பலித்த செயல்பாடு எது?