முதல் குழந்தை எப்போது? ஆண்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரியிலிருந்து:

கல்யாணமான சில மாதங்களிலேயே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கேள்வி போய்ச் சேர்வது மனைவியிடம்தான். நம்மிடம் "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்பதோடு சரி. நண்பர்களுக்குள் சம்பளம், வீட்டுக் கடன், எந்த ஏரியாவில் இடம் வாங்கலாம் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். குழந்தை விஷயத்தை எப்படி முடிவு செய்தாய் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு என்றாகிவிட்ட நிலையில் முதல் குழந்தை எப்போது என்பது சாதாரண முடிவு இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். பள்ளிக்கரணையில் பிளாட் வாங்கிக் கடன் கட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு வேறு கம்பெனியிலிருந்து நல்ல சம்பளத்தில் அழைப்பு வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கி கொடுத்த தவணை அட்டவணையை மேஜையில் விரித்து, எந்த வருடம் கை கொஞ்சம் தளரும் என்று மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் காகிதத்தின் மேல் கையை வைத்து மூடிவிட்டு, "எப்போன்றது அப்புறம் பார்க்கலாம். உங்களுக்குக் குழந்தை வேணுமா, வேண்டாமா? அதை முதல்ல சொல்லுங்க" என்றாள். வேணும் என்றேன். எனக்கும் வேணும் என்றாள். அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

எப்போது என்பது உண்மையிலேயே கணக்குதான். அவளும் வேலை மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். 26 வாரப் பிரசவ விடுப்பு கிடைக்க, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். தனியாக எடுக்கும் இன்சூரன்ஸ் பாலிசிகளில் பிரசவச் செலவு கிடைக்கப் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அப்போது நான் இருந்த கம்பெனியின் குரூப் பாலிசியில் அந்தக் காத்திருப்பே கிடையாது. ஆகவே வேலை மாறுவதை இருவரும் தள்ளிப்போட்டோம். கடன் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மகளுக்கு இப்போது மூன்று வயது.

வேணுமா என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் எப்போது என்று மட்டும் கணக்குப் போட்டால், அந்தக் கணக்குக்கு முடிவே வராது என்பது என் உறுதியான அபிப்பிராயம். நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

பெரம்பூரிலிருந்து:

எங்கள் அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், நானும் அங்கேதான். அவர் காலத்தில் இதில் முடிவெடுக்க என்ன இருந்தது? ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அந்த வெயில் இருவருக்கும் ஆகாது என்பார்கள். பெரியவர்கள் போட்ட திட்டம் அது ஒன்றுதான்.

நான் 27 வயதிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று நினைத்ததற்குக் காரணம் என் அம்மா. மனைவி பள்ளியில் ஆசிரியை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி அப்போதே தொடங்கியிருந்தது. "கையில தெம்பு இருக்கும்போதே கொடுத்துடுப்பா, தூக்கி வளர்த்துடறேன்" என்றார். அந்த வார்த்தையை மனைவியிடம் அப்படியே சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அவள் வேண்டாம் என்றிருந்தால் அதோடு விட்டிருப்பேன்.

ஒரு தகவல்: மத்திய அரசு ஊழியர்களுக்குத் தந்தையர் விடுப்பு 15 நாள் உண்டு. பிரசவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் மனைவி திருவண்ணாமலையில் இருந்தாள். குழந்தையோடு இங்கே வந்த பிறகு அந்த விடுப்பை எடுத்தேன். ராத்திரி முழுக்க முழித்திருந்து தூளி ஆட்டியது அந்த நாட்களில்தான்.

அண்ணா நகரிலிருந்து:

எங்களுக்கு முடிவெடுத்த பிறகுதான் சோதனை ஆரம்பித்தது. ஒரு வருடம் ஆகியும் தங்கவில்லை. அம்மா என் மனைவியை மட்டும் டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்தப் பெண் டாக்டர் முதலில் கேட்டதே "வீட்டுக்காரர் வரலையா?" என்றுதான். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறதாம்.

விந்துப் பரிசோதனைக்கு ரத்தம்கூட எடுக்க மாட்டார்கள். இரண்டிலிருந்து ஏழு நாள் வரை சேராமல் இருந்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். லேபில் பெயர் எழுதி ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். எதிரே ஒருவர் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவரும் அதற்குத்தான் வந்திருந்தார். நான் உள்ளே போகும்போது "ஒண்ணும் இல்லை தம்பி, போங்க" என்று மெல்லச் சொன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய தைரியம்.

எண்ணிக்கை குறைவு என்று வந்தது. சிகரெட்டை விடச் சொன்னார்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதத்துக்குப் பக்கம் ஆகும் என்பதால் மாற்றம் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும் என்றார்கள். விட்டேன். இப்போது மனைவிக்கு ஐந்தாம் மாதம்.

தயவுசெய்து மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு வருடம் முயன்றும் ஆகவில்லை என்றால் இருவரும் போங்கள். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும், காத்திருக்க வேண்டாம்.

வியாசர்பாடியிலிருந்து:

நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். வண்டி ஓடாத நாளில் வருமானம் இல்லை, லீவு என்ற பேச்சே கிடையாது. வண்டி டியூ முடியட்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம், முடிந்தது, அப்புறம்தான். ஏரியா நர்ஸ் அக்கா மனைவியின் பெயரைப் பதிவு செய்து அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் சேர்த்துவிட்டார். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 தவணையாக பேங்க் கணக்குக்கு வந்தது, மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். எழும்பூர் ஆஸ்பத்திரியில் பிரசவம், பையன். இருக்கப்பட்டவர்கள்தான் திட்டம் போட்டுப் பெற்றுக்கொள்ள முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சோழிங்கநல்லூரிலிருந்து:

எனக்கு 36, மனைவிக்கு 33. வேணும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவளுடைய பிஎச்டி முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஆணுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையா? அப்புறம், தனியார் வேலையில் அப்பாவுக்கு விடுப்பு உண்டா?

வேளச்சேரியிலிருந்து:

பொருட்டே இல்லை என்று சொல்ல முடியாது. அப்பாவின் வயது ஒவ்வொரு வருடம் கூடும்போதும் குழந்தைக்குப் போகும் புதிய மரபணு மாற்றங்கள் சராசரியாக இரண்டு கூடுகின்றன என்று 2012இல் வந்த ஐஸ்லாந்து ஆய்வு சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை எதுவும் செய்யாது. எட்டு மாதத்துக்காகக் கவலைப்பட வேண்டாம், உங்கள் மனைவி படிப்பை முடிக்கட்டும். அதற்குள் இருவரும் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை முயற்சி தொடங்குவதற்கு முன்பே அவர் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

விடுப்பைப் பொறுத்தவரை தனியார் நிறுவனங்கள் தந்தையருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, அவரவர் கம்பெனியின் பாலிசிதான். ஹெச்ஆரிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கம்பெனி கொடுத்ததோடு சேர்த்து வைத்திருந்த லீவையும் எடுத்தேன். நீங்களும் இந்த எட்டு மாதத்தில் லீவைச் செலவழிக்காமல் சேர்த்து வையுங்கள்.