செர்ஜியோ மெண்டெஸ்: ‘மாஸ் கே நாடா’ தாண்டி எங்க ஆரம்பிக்கலாம்?

மொட்டைமாடி எஃப்எம்:
வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா ‘மாஸ் கே நாடா’ மட்டும்தான் ஓடிட்டு இருக்கு நம்ம வீட்டுல. 98 வேர்ல்ட் கப் டைம்ல பிரேசில் டீம் ஏர்போர்ட்டுக்குள்ள பந்து உருட்டி விளையாடுற நைக்கி விளம்பரம் வந்துச்சே, அதுல இருந்தே இந்த டியூன் மண்டைக்குள்ள இருக்கு, யாரு என்னன்னு தெரியாமலே சுத்திட்டு இருந்தேன், இப்பதான் செர்ஜியோ மெண்டெஸ்னு பேர் கிடைச்சுது. சரி முழுசா கேப்போம்னு ஆப்ல தேடுனா தலை சுத்துது. பிரேசில் 65ங்கறான், 66ங்கறான், 77ங்கறான், 88ங்கறான், எல்லாம் ஒரே ஆளா இல்ல வேற வேற குரூப்பா? அதுல பாதி ‘பெஸ்ட் ஆஃப்’, எதைத் திறந்தாலும் அதே பத்து பாட்டு. என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஜாஸ் பைத்தியம், அவன் கிட்ட கேட்டா “அதெல்லாம் லிஃப்ட்ல போடுற பாட்டுடா, விடு”ன்னுட்டான். எனக்கு அப்படித் தோணல. உங்களுக்குப் புடிச்ச ரெக்கார்டிங் எது, ஏன் புடிக்கும், ரெண்டு வரி எழுதுங்க. ஆல்பம் பேரோட சொன்னா புண்ணியமாப் போகும்.

கேசட்காலம்:
வாங்க வாங்க, இந்த ஆளப் பத்தி பேச யாராவது கிடைப்பாங்களான்னு காத்துட்டு இருந்தேன். முதல்ல உங்க குழப்பம். எல்லாம் ஒரே ஆள்தான், பேண்ட் ஆளுங்க மாற மாற, வருஷம் போகப் போக பேர்ல நம்பர மாத்திக்கிட்டாரு, அவ்வளவுதான். நீங்க கேக்க வேண்டியது 66. பிரேசில்ல நிதராய்ங்கற ஊர்ல பொறந்த டாக்டர் வீட்டுப் புள்ள, கிளாசிக்கல் பியானோ படிச்சவரு, 1964ல பிரேசில்ல மிலிட்டரி ஆட்சியைப் புடிச்சப்ப அமெரிக்கா போய்ட்டாரு. அங்க முதல்ல போட்ட ரெக்கார்டுங்க பெருசா போகல. அப்புறம் சிகாகோல ஒரு கிளப்ல லானி ஹால்னு ஒரு பொண்ணு பாடுறதக் கேட்டு கூட்டிட்டு வந்தாரு, டிரம்பெட் வாசிக்கிற ஹெர்ப் ஆல்பர்ட் தன் ஏ அண்ட் எம் ரெக்கார்டு கம்பெனில சேத்துக்கிட்டாரு, 1966ல ‘பிரேசில் 66’ங்கற பேர்ல முதல் ஆல்பம், அதுலதான் உங்க ‘மாஸ் கே நாடா’. பாட்டு எழுதுனது ஜார்ஜி பென், அவரே 1963ல பாடிட்டாரு. ஆனா உலகம் பூரா கொண்டு போனது இந்த வெர்ஷன். இதுல வேடிக்கை என்னன்னா லானிக்கு அப்ப போர்ச்சுகீஸ் சுத்தமாத் தெரியாது, சத்தத்த மட்டும் மனப்பாடம் பண்ணிப் பாடுனது. தெரிஞ்சுட்டுக் கேட்டாலும் நம்ப முடியல.

இப்ப என் ஃபேவரைட். 1968ல வந்த ‘ஃபூல் ஆன் தி ஹில்’ ஆல்பம். டைட்டில் பாட்டு பீட்டில்ஸோடது, அந்த வருஷம் அமெரிக்கால ஆறாவது இடம் வரைக்கும் போச்சு, பால் மெக்கார்ட்னியே லெட்டர் போட்டு தேங்க்ஸ் சொன்னார்னு மெண்டெஸ் பேட்டிகள்ல சொல்லியிருக்காரு. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அதே ஆல்பத்துல ‘காஸா ஃபோர்ச்சி’ன்னு ஒண்ணு இருக்கு, எடு லோபோ போட்டது. வார்த்தையே கிடையாது. லானியும் பேண்ட்ல இருந்த இன்னொரு பொண்ணும் சேர்ந்து வெறும் சத்தமா பாடுறாங்க, குரலா வாத்தியமான்னு பிரிக்க முடியாது, பின்னாடி டோம் உம் ரொமாவோ டிரம்ஸ். இவரு பின்னாடி ‘வெதர் ரிப்போர்ட்’ங்கற ஜாஸ் பேண்ட்ல வாசிச்சவரு, சும்மா ஆள் கிடையாது. நல்ல ஹெட்ஃபோன் மாட்டி, பாட்ட விட்டுட்டு பேஸையும் டிரம்ஸையும் மட்டும் ஃபாலோ பண்ணிப் பாருங்க. லிஃப்ட்ல இது ஓடுனா ஜனம் இறங்க வேண்டிய மாடில இறங்காது. உங்க ஃப்ரெண்டு கிட்ட இதப் போட்டுக் காட்டிட்டு அப்புறம் பேசச் சொல்லுங்க.

சிம்பல்சத்தம்:
கேசட்காலம் அண்ணே சொல்றதுல தப்பில்ல, ஆனா எனக்கு அந்த ஏ அண்ட் எம் சமாச்சாரம் எல்லாமே கொஞ்சம் சர்க்கரை ஜாஸ்தி. ஃப்ரெண்டு ஜாஸ் பைத்தியம்னா அவருக்கு மருந்து 1964லயே இருக்கு. ‘வோசே அயிண்டா நாவ் ஓவியு நாடா’ன்னு பிரேசில்லயே போட்ட ஆல்பம், போஸ்ஸா ரியோ குரூப் கூட. பாட்டுப் பாட ஆளே இல்ல. ரெண்டு டிராம்போன், டெனர் சாக்ஸ், பியானோ, பேஸ், டிரம்ஸ். டிராம்போன்ல ஒருத்தர் ரவுல் டி சோசா. டிரம்ஸ் எடிசன் மச்சாடோ, பிரேசிலோட சம்பா தாளத்த டிரம்ஸ் தோல்ல இருந்து தூக்கி ரைடு சிம்பல்ல, அதான் அந்த பெரிய உலோகத் தட்டுல, கொண்டு போன ஆளுன்னா அவருதான். அதனாலதான் என் ஐடி பேரே இது 😄

போஸ்ஸா நோவான்னா, அதான் சம்பாவும் ஜாஸும் கலந்த பிரேசில் பாட்டு, மெதுவா, காதுல குசுகுசுன்னு பாடுறதுன்னு நினைப்போம்ல, இதுல அந்த ‘கரோட்டா டி இபனேமா’வே வேற மாதிரி, டிராம்போன் ரெண்டும் சேர்ந்து மூஞ்சில அடிக்கிற மாதிரி வருது. மொயசீர் சான்டோஸோட ‘நனா’ இருக்கு, அத தனியா கேக்கணும். ரியோவோட கோபகபானா ஏரியால பெக்கோ தாஸ் கஹாஃபாஸ்னு ஒரு சந்து, சின்னச் சின்ன கிளப்பா இருக்கும், சத்தம் தாங்காம மேல்மாடிக்காரங்க பாட்டில தூக்கி எறிவாங்களாம், அங்க விடிய விடிய வாசிச்சு வளந்த கூட்டம் இது. அந்த சண்டைக்கோழித்தனம் ரெக்கார்டுலயும் தெரியும்.

இதுக்கு முன்னாடி 1962ல நியூயார்க்ல கார்னகி ஹால் போஸ்ஸா நோவா கச்சேரிக்குப் போன கையோட ஜாஸ் சாக்ஸ் வாசிக்கிற கேனன்பால் ஆடர்லி கூட ஒரு ஆல்பம் பண்ணாங்க, ‘கேனன்பால்ஸ் போஸ்ஸா நோவா’. அதுல மெண்டெஸுக்கு 21 வயசு. பியானோ அடக்கித்தான் வாசிச்சிருக்காரு, சீனியர் முன்னாடி. ஆனா சாக்ஸ் வாக்கியம் முடியற இடம் பாத்து அவர் கார்டு (chord, சேத்து அடிக்கிற ஸ்வரங்க) வைக்கிற இடம் இருக்கே, அத கவனிச்சா பின்னாடி ஏன் இவர் பேண்ட் லீடர் ஆனார்னு புரியும். சோலோ அடிச்சு கைதட்டல் வாங்குற ரகம் இல்ல, யாரு எங்க வரணும்னு தீர்மானிக்கிற ரகம்.

பெவிலியன்:
ஒரு சின்ன விஷயம். ஏர்போர்ட் விளம்பரத்துல வந்தது மெண்டெஸ் இல்ல, டம்பா ட்ரியோவோட ‘மாஸ் கே நாடா’. அதுவும் அறுபதுகள்ல வந்ததுதான். அதே பாட்டு, பொண்ணுங்க குரல் இருக்காது. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, செம வித்தியாசம். ஃபுட்பால் ரசிகன்ற முறைல இன்னொண்ணும் சொல்லிடறேன், 1977ல பெலே பத்தின டாகுமெண்டரிக்கு மெண்டெஸ் போட்ட ‘பெலே’ ஆல்பம் இருக்கு. பெலேவே பாடியிருக்காரு. பாட்டு சுமார்தான், தலைவர் காலால பாடுனதுதான் நல்லா இருக்கும். ஆனா ஜெரி மல்லிகன் பாரிட்டோன் சாக்ஸ் வாசிச்சிருக்காரு அதுக்காகக் கேக்கலாம்.

ஹோட்டல் கீபோர்ட்:
யாருமே எண்பதுகளத் தொடல பாருங்க. எல்லாருக்கும் ‘நெவர் கான்னா லெட் யூ கோ’ன்னா கேவலம். 1983, ஜோ பிஸூலோவும் லீசா மில்லரும் பாடுனது, அமெரிக்கா சார்ட்ல நாலாவது இடம். 1968ல ‘தி லுக் ஆஃப் லவ்’ போனதும் அதே நாலு தான், ஆஸ்கர் விழா டிவில அத வாசிச்ச பிறகு எகிறுனது. நடுவுல பதினஞ்சு வருஷம், பெரிய ஹிட்டே இல்லாம ஓட்டிட்டு மறுபடி அதே படிக்கு வந்து நின்னாரு மனுஷன்.

பாட்டு கேக்க சாதாரண காதல் டூயட் மாதிரிதான் இருக்கும். நான் சாயந்தரம் ஹோட்டல் லவுஞ்ச்ல கீபோர்ட் வாசிக்கிறவன், ஒரு கல்யாண நாள் பார்ட்டிக்கு இத கேட்டாங்க, சரி ஸ்லோ பாட்டுதானேன்னு உக்காந்தா வெர்ஸ் முடியறதுக்குள்ள ஸ்ருதி நழுவுது, கோரஸ்ல ஒரு இடத்துல உக்காந்த மாதிரி இருக்கும் அடுத்த வரில அங்க இல்ல, திரும்ப வெர்ஸுக்கு வர்றதுக்கு இன்னொரு வழில வருது. ஸ்ருதிய மாத்துற டிரான்ஸ்போஸ் பட்டனெல்லாம் வேலைக்கே ஆகாது. பாடுற பையன் என்னை முறைக்கிறான் நான் அவன முறைக்கிறேன். கேக்கறவங்களுக்கு மட்டும் ஒரு தடங்கலும் தெரியாது, அதுதான் அந்தப் பாட்டோட திமிரு. எழுதுனது பேரி மேனும் சிந்தியா வைலும், மெண்டெஸ் இல்ல, ஒத்துக்கறேன். டயான் வார்விக் முந்தின வருஷமே பாடியும் இருக்காங்க. ஆனா இத எடுத்து இவ்வளவு வழவழன்னு குடுக்க ஒரு காது வேணும் சார். சர்க்கரை ஜாஸ்தின்னு சொன்ன சிம்பல்சத்தம் இத ஒரு தடவ கார்டு எழுதிப் பாக்கட்டும்.

சிம்பல்சத்தம்:
@ஹோட்டல் கீபோர்ட் கார்டு கஷ்டமா இருக்கறதாலயே பாட்டு நல்லாருக்குன்னு ஆயிடாது சார் 😄 அந்த சிந்த் சத்தம் என்னால முடியல. விடுங்க, உங்க கை வலி புரியுது.

பாதிராத்திரி:
சண்டை வேண்டாம், நான் ரெண்டு பேருக்கும் புடிக்காத ஒண்ணு சொல்றேன். 1972, ‘ப்ரைமல் ரூட்ஸ்’. அதுக்குள்ள லானி ஹால் பேண்ட விட்டுப் போய்ட்டாங்க (பின்னாடி ஹெர்ப் ஆல்பர்ட்ட கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க), கிராசிஞா லெப்போராஸி பாடுறாங்க, அவங்க மெண்டெஸோட மனைவி. ஹிட் குடுக்கணும்ங்கிற எண்ணமே இல்லாத ஆல்பம். டோரிவால் கய்மியோட மீனவர் பாட்டு ‘ப்ரோமெஸ்ஸா டி பெஸ்கடோர்’ல ஆரம்பிக்குது, பிரேசிலோட நாட்டுப்புறப் பக்கம், ஆப்பிரிக்கப் பக்கம்னு போகுது. கடைசில ‘தி சர்க்கிள் கேம்’னு பதினெட்டு நிமிஷத்துக்கு மேல ஒரே பாட்டு. சிலருக்கு போர் அடிக்கும், நடுவுல எனக்கே கொஞ்சம் அடிக்கும், ஆனா அமெரிக்கால ஜாலி பாட்டுக்காரன்னு முத்திரை குத்துன ஆளு தன் ஊருக்கு எழுதுன கணக்கு மாதிரி இருக்கு அது.

அந்தக் கணக்கு 1992ல முடியுது, ‘பிரேசிலேரோ’. முதல் பாட்டு ‘ஃபான்ஃபாரா’, ரியோ சம்பா ஸ்கூல் ஆளுங்க நூறு பேர் டிரம்ஸோட. ஃபோன் ஸ்பீக்கர்ல தயவுசெய்து போடாதீங்க, ஒண்ணும் தெரியாது, கார்ல போடுங்க இல்ல நல்ல ஸ்பீக்கர்ல. கார்லினோஸ் பிரவுன் அப்ப வெளில பெருசா தெரியாத பையன், பிரேசிலோட பயா மாநிலத்துக்காரர், அவர் பாட்டுங்கள இத்தனை எடுத்து வச்சது மெண்டெஸ்தான், ‘மகலேஞா’ அதுல ஒண்ணு. உலக இசைப் பிரிவுல கிராமி வாங்குச்சு இந்த ஆல்பம். ரெண்டு பேரும் அப்புறம் ‘ரியோ’ படத்துப் பாட்டுக்கு ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனாங்க.

உபரித் தகவல்: எழுபதுல மெண்டெஸ் வீட்டு ஸ்டுடியோவக் கட்டுன தச்சர் ஹாரிசன் ஃபோர்ட். ஸ்டார் வார்ஸ் ஹாரிசன் ஃபோர்டேதான். ஃபோட்டோ கூட இருக்கு, சட்டை இல்லாம.

மொட்டைமாடி எஃப்எம்:
ஐயோ இவ்வளவு பதில் வரும்னு நெனைக்கல. ‘காஸா ஃபோர்ச்சி’ கேட்டாச்சு, ஃப்ரெண்டுக்கும் அனுப்பியாச்சு, பதிலே இல்ல, நீலக் கலர் டிக் மட்டும் வந்திருக்கு. டம்பா ட்ரியோவும் கேட்டேன், ஆமா விளம்பரத்துல வந்தது அதுதான், இப்ப ரெண்டுமே புடிச்சுப் போச்சு. 1964 ஆல்பம் பாதி வரைக்கும் வந்திருக்கேன், டிராம்போன் நிஜமாவே பயங்கரம். ‘லுக் அரவுண்ட்’னு ஒரு ஆல்பமும் தானா ஓடுச்சு, அதுல ‘சோ மெனி ஸ்டார்ஸ்’ யாரு போட்டது? அப்புறம் பிளாக் ஐட் பீஸ் கூட ஒரு ‘மாஸ் கே நாடா’ இருக்கே, அது தேறுமா?

கேசட்காலம்:
‘சோ மெனி ஸ்டார்ஸ்’ மெண்டெஸே போட்ட டியூன், வரிகள் ஆலன், மர்லின் பெர்க்மேன் தம்பதி. அவரே இசையமைச்சதுல எனக்கு முதலிடம் அதுதான், லானி அந்த முதல் வரிய இழுக்காம பேசற மாதிரி பாடி விடுவாங்க பாருங்க. நீங்க கேக்காமலே அதுல போய் நின்னீங்க, நல்ல காது.

பிளாக் ஐட் பீஸ் சமாச்சாரம் 2006ல வந்த ‘டைம்லெஸ்’, அந்த குரூப்போட வில்.ஐ.ஆம் இழுத்துட்டு வந்தது. நான் முழு ஆல்பமா அத கேக்கறதில்ல, விருந்தாளிங்க கூட்டம் ஜாஸ்தி. ஆனா ‘பெரிம்பாவ்’ல ஸ்டீவி வொண்டர் மவுத் ஆர்கன் வாசிக்கிறாரு, அதுக்கு மட்டும் தனியா போயிட்டு வாங்க. மெண்டெஸ் 2024 செப்டம்பர்ல இறந்துட்டாரு, அதுக்கு முந்தின வருஷம் நவம்பர் வரைக்கும் லண்டன், பாரிஸ்னு மேடை ஏறிட்டுத்தான் இருந்தாரு, இந்தத் தலைமுறைப் பசங்க அந்த ஹாலுக்கு வந்ததுல ‘டைம்லெஸ்’க்கும் பங்கு இருக்குன்னு நினைக்கறேன், அதனால முழுசா திட்டவும் மனசு வரல.

சிம்பல்சத்தம்:
‘நனா’ வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. அப்புறம் ஷஃபிள ஆஃப் பண்ணிடுங்க, ஆப்ல இந்த ஆல்பத்துக்கு நடுவுல ‘பெஸ்ட் ஆஃப்’ பாட்ட சொருகி விட்டுடுது.