ஐந்து வாரம் ஊருக்குப் போகிறோம்: மைனஸ் 30 குளிரில் வெளியே நிற்கும் காரை என்ன செய்வது?

செங்கல்பட்டுக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மே மாதம் குடும்பத்துடன் கனடாவின் வின்னிபெக்குக்குக் குடிவந்து, எட்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினோம். அது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம், கூரையில்லாத நிறுத்துமிடத்தில்தான் நிற்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் புறப்பட்டு, பொங்கலை ஊரில் கொண்டாடிவிட்டு, பிப்ரவரி நடுவில் திரும்புவதாக இருக்கிறோம். அந்த ஐந்து வாரங்களில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும் இரவுகள் வரும் என்கிறார்கள்.

ஒவ்வொரு காருக்கும் முன்னால் பிளக் பாயின்டுடன் ஒரு கம்பம் இருக்கிறது. எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரின் கம்பியை அதில் செருகிவிட்டுப் போனால் போதும் என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுகிறேன் என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். ஊரில் காரை இரண்டு மாதம் நிறுத்திவைத்தபோது எலி வயரைக் கடித்துவிடுமோ என்பதைத் தவிர வேறு கவலை எனக்கு இருந்ததில்லை. இங்கே எதற்குப் பயப்பட வேண்டும் என்பதே தெரியவில்லை. இரண்டில் எது சரி?

எட்மன்டன் வாசி:

வணக்கம் ஐயா. இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. தாங்கள் பயப்பட வேண்டியது பேட்டரிக்குத்தான்.

பிளாக் ஹீட்டர், எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் திரவமான கூலண்டைச் சூடாக்கும் கருவி மட்டுமே. அது பேட்டரியைச் சார்ஜ் செய்வதில்லை. (தங்கள் ஊருக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸில் வாழ்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்; அந்தக் குளிரில் வாழ்ந்தவருக்குத்தானே தேவை புரியும்!) வண்டியைக் கிளப்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன் செருகினாலே போதுமானது. 400 வாட் ஹீட்டரை ஐந்து வாரமும் இரவு பகலாக எரியவிட்டால் 336 யூனிட் மின்சாரம் செலவாகும்; யாருமே ஓட்டாத காருக்கு அது வீண்.

பேட்டரிக்கு வருவோம். அலாரம், கணினி முதலியவை கார் நிற்கும்போதும் சிறிது மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 840 மணி நேரத்தில் 25 ஆம்பியர் மணி போய்விடும். 50 ஆம்பியர் மணி பேட்டரியில் அது சரிபாதி. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். ஆனால் சார்ஜ் குறையக் குறைய அமிலம் நீர்த்துக்கொண்டே வருவதால், பாதிச் சார்ஜில் மைனஸ் 25 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். ஏறக்குறையத் தீர்ந்துபோனதென்றால் மைனஸ் 10 டிகிரியே போதும். உறைந்தால் உள்ளே தகடுகள் வளையும், பெட்டியும் விரிசல் விடலாம். அப்படி உறைந்த பேட்டரிக்கு வேறு காரின் பேட்டரியிலிருந்து கம்பி இணைத்து ஜம்ப் கொடுப்பது, அது வெடிக்கவும் கூடும் என்பதால், ஒருபோதும் செய்யக் கூடாத காரியம்.

ஆகவே பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

வடமராட்சி (மொன்றியல்):

அடுத்த வீட்டுக்காரரின் யோசனையைப் பற்றி மட்டும் சொல்ல வருகிறேன். அதை நான் பட்டு அறிந்தவள். சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, உறவினர் ஒருவர் மிகுந்த பொறுப்புடன் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வாகனத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டிருக்கிறார். நாங்கள் திரும்பிவந்த அன்று அது கிளம்பவே இல்லை. கடும் குளிரில் ஸ்டார்ட் செய்ய எடுக்கும் மின்சாரத்தை, நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடுவது பற்றரிக்குத் திருப்பித் தருவதில்லை என்று மெக்கானிக் விளக்கினார். போதாக்குறைக்கு, எஞ்சின் முழுதாகச் சூடாகாததால் அதனுள் ஈரம் தங்கி, ஒயில் மூடியின் அடியில் பால்போல் வெண்மையாகப் படிந்திருந்தது. அரை மணி நேரம் வீதியில் ஓட்டிவர ஆள் இருந்தால் சரி. இல்லையேல் தொடாமல் விடுவதே மேல்.

இன்னொன்று, ஹாண்ட் பிறேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள். அது ஈரத்துடன் உறைந்து பின்சில்லைப் பிடித்துக்கொள்ளும். சமதரையில் பார்க் கியரே போதும். துணி உறை போடுவதும் வேண்டாம். ஈரப் பனியோடு சேர்ந்து வாகனத்தில் ஒட்டி உறைந்துவிடும்.

செங்கல்பட்டுக்காரர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் ஒரு சிக்கல். பனியை வாரும் இயந்திரம் வரும் நாளில் கார்களை நகர்த்தித் தர வேண்டும் என்று எங்கள் குடியிருப்பில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பேட்டரி வீட்டுக்குள் இருந்தால் அடுத்த வீட்டுக்காரர் எப்படி நகர்த்துவார்? மேலும், கூலண்டில் தண்ணீர் கலக்காமல் முழுவதும் உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸாகவே ஊற்றிவிட்டால் கூடுதல் பாதுகாப்புத்தானே?

எட்மன்டன் வாசி:

அப்படியானால் பேட்டரியைக் கழற்ற வேண்டாம். அந்தக் கம்பத்தையே வேறு வகையில் பயன்படுத்துங்கள்: தேவைக்கு ஏற்பத் தானே சார்ஜ் செய்து தானே நிறுத்திக்கொள்ளும் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றை வாங்கி, வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரியதா என்று பார்த்து, அதை அங்கே செருகிவிடுங்கள். சில நிறுத்துமிடங்களில் மின்சாரத்தை விட்டுவிட்டுத்தான் தருவார்கள்; மெயின்டெய்னருக்கு அது குறையில்லை. கம்பத்தை நாள்கணக்கில் பயன்படுத்தலாமா என்று மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கூலண்ட் விஷயத்தில் தாங்கள் நினைப்பதற்கு நேர்மாறானதே உண்மை. ஆன்டிஃப்ரீஸின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால், கலப்பில்லாமல் இருந்தால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். சரிபாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். ஆன்டிஃப்ரீஸ் அறுபது, தண்ணீர் நாற்பது என்று கலந்தால் மைனஸ் 50 வரையிலும் கவலையில்லை. பழைய கார் என்பதால், புறப்படும் முன் ஒரு பணிமனையில் சோதித்துக்கொள்வது நல்லது.

திரும்பி வந்ததும் முதலில் மெயின்டெய்னரை எடுத்துவிட்டு, ஹீட்டரை மூன்று மணி நேரம் செருகுங்கள். கிளப்புவதற்கு முன் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரிவிடுங்கள். அது அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள்ளேயே வரும். டயரில் காற்றும் குறைந்திருக்கும். வெப்பநிலை ஐந்தரை டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) குறைவது வழக்கம். முதல் சில கிலோமீட்டர் தூரம் டயர் சதுரமாக உருள்வதுபோல் தடதடக்கும். நின்ற இடத்தில் தட்டையானது சூடேறியதும் தானே சரியாகிவிடும்.

செங்கல்பட்டுக்காரர்:

மேலாளர் சம்மதித்துவிட்டார். மெயின்டெய்னரை இன்று வாங்கிவிட்டேன். சாவியை, பனி வாரும் நாளுக்கு மட்டும் என்று சொல்லி, அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுக்கப் போகிறேன். ஞாயிறுதோறும் ஓடவிட வேண்டாம் என்று சொன்னதில் அவருக்குச் சற்று வருத்தம்தான்.