'நாக்கிங்': ஒரு சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய பெட்ரோல் கார்களில் எஞ்சின் சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது பற்றித் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு ஒரு பாடம் தயாராகிறது. எடுத்துக்காட்டு எஞ்சின் அம்பாசடரின் 1489 சிசி. எஞ்சின் தட்டுவது போன்ற சத்தத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'நாக்கிங்' வருகிற இடமெல்லாம் வரைவில் 'தட்டல்' என்று போட்டிருக்கிறோம். 'இடிப்பு', 'மோதல்' என்றும் பரிந்துரை வந்தது. எனக்குத் தட்டலே எளிமையாகப் படுகிறது. பட்டறை தெரிந்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

———

> எனக்குத் தட்டலே எளிமையாகப் படுகிறது.

ஐயா, வணக்கம். சொல் எளிமைதான். ஆனால் ஆங்கிலத்தில் நாக்கிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஓடுகின்றன. அந்தக் குழப்பத்தை நாமும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். ஒன்றில் வண்டியை ஓட்டிக்கொண்டே சரிசெய்யலாம். மற்றொன்றில் அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும்.

முதலாவது, எரிவதில் வரும் கோளாறு. பிளக் பொறி கொடுத்ததும் தீ அங்கிருந்து பரவிக்கொண்டு போக வேண்டும். தீ போய்ச் சேருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே ஒரே நொடிப்பில் பற்றிக்கொண்டால், அழுத்த அலை சிலிண்டருக்குள் சுவருக்குச் சுவர் மோதி அதிர்கிறது. இந்த அளவு சிலிண்டர்களில் அந்த அதிர்வு 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். அதனால்தான் தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குவது போலக் கேட்கிறது. இங்கே உலோகத்தோடு உலோகம் மோதுவதே இல்லை.

இரண்டாவது, இடைவெளியில் வரும் கோளாறு. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருக்கும் பேரிங் (தாங்கி) தேய்ந்து, கிராங்க் ஊசிக்கும் அதற்கும் நடுவே இடம் விழுந்துவிடுகிறது. சுமார் 0.03 முதல் 0.06 மி.மீ. வரை இருக்க வேண்டிய எண்ணெய் இடைவெளி, அதைப் போல இரண்டு மூன்று மடங்கானதும், எரியும் அழுத்தம் ராடைக் கீழே தள்ளும்போதெல்லாம் இரும்பு இரும்பின் மேல் விழுகிறது. பட்டறையில் இதற்கு 'பேரிங் அடிக்குது' என்பார்கள். நமக்கு வேண்டிய சொல் அங்கேயே இருக்கிறது.

'தட்டல்' என்று பாடத்தில் எழுதி, 'தட்டல் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் கருவி) திருப்பிப் பொறி நேரத்தை இரண்டு டிகிரி பின்தள்ளவும்' என்று அடுத்த வரியில் சொன்னால் என்ன ஆகும்? பேரிங் அடிக்கும் எஞ்சினிலும் மாணவன் அதையே செய்வான். பொறி பிந்தினால் உச்ச அழுத்தம் குறையும், அடிக்கும் சத்தமும் சற்று அமுங்கும். சரியாகிவிட்டது என்று வண்டியை வெளியே அனுப்பிவிடுவான். பிறகு ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

என் பரிந்துரை: எரிதலால் வருவதற்கு 'எரிகிலுக்கம்', பேரிங்கால் வருவதற்கு 'தாங்கியடி'. கிலுகிலு என்பது நம் காதுக்குப் பழகிய ஒலிக்குறிப்பு. உயரமான, உதிரியான, சில்லென்ற சத்தத்துக்கே அதைச் சொல்கிறோம். 'அடி' கனமானது, தாளம் உள்ளது. சொல்லைக் கேட்டாலே எந்தச் சத்தத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறியும் முறையைப் பாடத்தில் இப்படி எழுதலாம். மேட்டில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில், வேகம் குறைவாக இருக்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் அந்தக் கணமே நின்றால் எரிகிலுக்கம். வண்டி நிற்கும்போது கியரில்லாமல் 2000, 2500 சுற்றுக்கு ஏற்றிக் காலை எடுக்கும்போது, சுற்று இறங்கும் வழியில் கேட்டால் தாங்கியடி. எரிகிலுக்கம் அந்த இடத்தில் கேட்கவே கேட்காது.

எரிகிலுக்கத்துக்குக் காரணம் தேடும்போது பொறி நேரத்தோடு நின்றுவிட வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், சுற்று ஏற ஏறப் பொறியை முந்தச் செய்யும் எடைக்கட்டைகளை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், ஐடிலில் (ஆக்சிலேட்டரை அழுத்தாத ஓட்டத்தில்) நேரம் சரியாகக் காட்டும், சுற்று ஏறியதும் அளவுக்கு மீறி முந்தும். பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கலாம், கலவை மெலிந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்து எஞ்சின் சூடேறியிருக்கலாம். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் ஆக்டேன் (தானாகப் பற்றாமல் தாங்கும் திறன்) விழுந்துவிடும். டேங்க் நிரப்பிய அன்றே தொடங்கிய கிலுக்கம் என்றால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தாங்கியடியை உறுதிசெய்ய, ஐடிலுக்குச் சற்று மேலே எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தில் (எஞ்சின் உலோகத்தில்) பிடிக்க வேண்டும். வயரை அந்தரத்தில் விடக்கூடாது. காயிலுக்குக் கேடு, எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றியிருந்தால் அதன் மாட்யூலும் போகும். எந்த சிலிண்டரின் வயரைக் கழற்றியதும் அடி அமுங்குகிறதோ, அந்த ராடின் பேரிங்தான். ஒன்றைக் கழற்றி மாற்றமில்லாமல், அடுத்தடுத்த இரண்டைக் கழற்றும்போது குறைந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட, கிராங்க் தண்டையே தாங்கும் மெயின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு மெயின் பேரிங் மூன்றுதான் என்பதால் நடுவிலிருப்பது நிறையச் சுமக்கிறது.

அடுத்து எண்ணெய். ஆயில் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அழுத்தம் மிகவும் இறங்கிய பிறகுதான் அந்த சுவிட்ச் விளக்கை ஏற்றும். சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் பார்க்க வேண்டும். 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது பட்டறைக் கணக்கு. வடித்த எண்ணெயில் மினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம் அல்லது டேப்பெட் பக்கம். ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பாகவோ மின்னினால் பேரிங் பூச்சு உரிகிறது. அதன்பின் கிராங்கைக் கழற்றி அளந்து, தேவைக்கேற்ப 10 தௌ, 20 தௌ (ஒரு தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கிரைண்டிங் போட்டு, அதற்கேற்ற பேரிங் செட் மாட்டுவதுதான் வழி. தேய்ந்த ஊசியில் புது ஸ்டாண்டர்ட் பேரிங் போட்டால் அடி திரும்பவும் வரும்.

———

வணக்கம் ஐயா. தாங்கியடியை அப்படியே ஏற்கலாம். பேச்சு வழக்கும் கலைச்சொல்லும் ஒன்றாக அமைவது அரிது. எரிகிலுக்கத்தில் எனக்கு ஒரு தயக்கம். டீசல் எஞ்சினிலும் நாக்கிங் உண்டே? அங்கே கோளாறு எரிதலின் கடைசியில் வருவதில்லை, தொடக்கத்தில் வருகிறது. தெளித்த டீசல் பற்றாமல் தாமதித்துச் சேர்ந்து, பிறகு மொத்தமாக எரிகிறது. மருந்தும் நேரெதிர்: பெட்ரோல் எளிதில் தானாகப் பற்றக்கூடாது, டீசல் எளிதில் பற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் நீங்கள் எதை வேண்டாம் என்கிறீர்களோ அதே சிக்கல்தான்.

இன்னொன்று, டேப்பெட். 'டேப்பெட் தட்டுது' என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். தட்டல் என்ற சொல்லை முழுவதும் தள்ளிவிட வேண்டுமா?

———

டீசல் பற்றிச் சொன்னது மிகச் சரி. எரிகிலுக்கத்தைப் பொதுப்பெயராக வைத்து, பெட்ரோலுக்குக் 'கடையெரி கிலுக்கம்', டீசலுக்கு 'முதலெரி கிலுக்கம்' என்று பிரிக்கலாம். எரிதலின் எந்த முனையில் கோளாறு என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. கிளைச்சொற்களும் தடையில்லாமல் பிறக்கின்றன: நாக் சென்சார் 'கிலுக்க உணரி', எரிபொருளில் சேர்க்கும் மருந்து 'கிலுக்கத் தடுப்பி'. இந்தியாவில் 2000 பிப்ரவரி வரை பெட்ரோலில் கலந்துவந்த ஈயம் அந்த வகைதான். 'தட்டல் உணரி' என்றால் கதவில் மாட்டுவது போல இருக்கிறது.

தட்டலைத் தள்ள வேண்டாம், டேப்பெட்டுக்கே கொடுத்துவிடுவோம். 'டேப்பெட் தட்டல்' என்பது லேசான, சீரான 'டிக் டிக்'. கேம் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், 800 சுற்று ஐடிலில் ஒரு தளர்ந்த டேப்பெட் நொடிக்கு ஆறேழு முறைதான் தட்டும். தாங்கியடி அதைப் போல இரண்டு மடங்கு வேகம். காதுக்குப் பிடிபடவில்லை என்றால் டைமிங் லைட்டை முதல் பிளக் வயரில் மாட்டிப் பார்க்கலாம். அது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். மின்னலுக்கு ஒரு சத்தம் என்றால் கேம் பக்கம், இரண்டு என்றால் கிராங்க் பக்கம்.

1489 சிசி எஞ்சினில் டேப்பெட் கேப் (வால்வு தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி) சுமார் 0.38 மி.மீ., அதாவது 15 தௌ. எட்டு வால்வுக்கும் 'ஒன்பது கணக்கு' பொருந்தும்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்கணும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் சரியாகக் காட்டியும் தட்டல் போகவில்லை என்றால் ராக்கரின் முனையைத் தடவிப் பாருங்கள். வால்வு தண்டு பட்டுப்பட்டு அங்கே குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் குழியின் மேல் பாலம் போல நின்றுவிடுவதால், உள்ளே இருக்கும் உண்மையான இடைவெளி தெரிவதில்லை. சத்தத்துக்குப் பயந்து கேப்பைக் குறைத்து வைக்கக்கூடாது. எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக அமராமல் சூடு இறங்க வழியின்றிக் கருகும்.

டேப்பெட் என்று ஏமாற்றும் சத்தங்களையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தாலும் இதே போலத் தட்டும். குளிர்ந்த எஞ்சினில் கூடுதலாகவும், சூடேறி இரும்பு விரிந்ததும் குறைவாகவும் இருக்கும். வாட்டர் பம்ப், டைனமோ பேரிங் என்று சந்தேகம் வந்தால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் கூடாது, தண்ணீர் ஓட்டம் நின்றிருக்கும்.

ஒன்று பாக்கி இருக்கிறது: 'பிஸ்டன் ஸ்லாப்'. தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் மேல்முனையில் ஒரு பக்கம் சாய்ந்து சுவரில் மோதுவது. காலையில் பலமாகக் கேட்டு, பிஸ்டன் சூட்டில் விரிந்ததும் அடங்கிவிடும். பிளக் துளை வழியாக இரண்டு தேக்கரண்டி கெட்டி ஆயில் விட்டு, ஸ்டார்ட்டரைச் சில சுற்று சுற்றிவிட்டுப் பிளக்கை மாட்டி ஓட்டினால் சிறிது நேரம் சத்தம் குறைய வேண்டும், குறைந்தால் இதுதான். உலோகம் மோதுவதால் இதுவும் 'அடி' குடும்பம். 'சாய்வடி' என்று எழுதிப் பார்க்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் பிஸ்டனுக்கு 'முசலம்' உண்டு என்பதால் 'முசலச் சாய்வடி' என்றாலும் பொருந்துகிறது. இதைவிடக் குறுகிய சொல் யாருக்காவது பட்டால் எழுதுங்கள்; வரைவில் அந்த இடம் மட்டும் இன்னும் திறந்திருக்கட்டும்.