சம்மர் லீவில் இங்கிலீஷ் பேசிப் பழக எங்கே போகலாம்? (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

தில்லைநகர்:

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரியில் திருச்சியிலிருந்து இங்கே வந்தேன். கணவருக்கு வேலை, மகன் இயர் ஒன் படிக்கிறான். நான் பி.காம். முடித்து ஊரில் நாலு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவள். இங்கிலீஷில் மெயில் எழுதுவேன், பேப்பர் படிப்பேன். பேச மட்டும் வாய் வருவதில்லை.

நாங்கள் இருக்கும் ஏரியாவும் அப்படி. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கினால் முருங்கைக்காயிலிருந்து மல்லிகைப்பூ வரைக்கும் தமிழிலேயே கேட்டு வாங்கி வந்துவிடலாம். ஒரு வாரம் முழுக்க இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசாமல் ஓடிவிடுகிறது.

மார்ச்சில் ஸ்கூல் வாசலில் ஒரு அம்மா என்னைப் பார்த்து "யூ ஆல்ரைட்?" என்றார். என் முகம் வாடியிருக்கிறது போல, அதனால்தான் கேட்கிறார் என்று எண்ணி, ராத்திரியிலிருந்து தலைவலி, மாத்திரை போட்டேன் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். பாவம், நின்று கேட்டுவிட்டுப் போனார். அது வெறும் வணக்கம் மாதிரி என்று கணவர் சொன்ன பிறகு இரண்டு நாள் மனசே ஆறவில்லை. அதற்கப்புறம் அந்த வாசலில் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்கிறேன்.

பணம் கட்டி ஆன்லைன் கிளாஸ் ஒன்றிலும் சேர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு வாரமும் கிராமர்தான். நான் வாய் திறந்து பேசியது மொத்தமாகச் சேர்த்தால் கால் மணி நேரம் வராது.

ஜூலைக் கடைசியில் ஸ்கூல் மூடினால் ஆறு வாரம் லீவு. ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது. இந்தக் கோடையை வீட்டுக்குள் கழிக்க மனசில்லை. அதிகச் செலவில்லாமல், பையனையும் கூட்டிக்கொண்டு எங்கே போனால் பேச்சு வரும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவை டு இல்ஃபோர்டு:

நீங்க சொன்ன அந்த ஸ்கூல் வாசல் எனக்கு நல்லாத் தெரியும்ங்க. நான் 2016-ல் வந்தேன். முதல்ல அந்த "யூ ஆல்ரைட்?" விஷயத்தை மனசிலிருந்து இறக்கி வையுங்க. நம்ம ஊரில் வழியில் பார்க்கிறவங்க "என்னங்க, சாப்ட்டாச்சுங்களா?"ன்னு கேட்கிறது மாதிரிதான் அதுவும். "யா, யூ?" என்று சொல்லிட்டு நடந்துட்டே இருக்கலாம்.

இங்கிலீஷ் பேசணும்னு கிளம்பிப் போனா பேச்சு வராதுங்க. கையில் ஒரு வேலை இருந்தா வரும். எனக்குப் பார்க்ரன்லதான் வந்தது. சனிக்கிழமை காலை 9 மணிக்கு பார்க்கில் 5 கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், காசு கிடையாது. 2004 அக்டோபரில் புஷி பார்க்கில் 13 பேர் ஓடி ஆரம்பிச்சது, இப்ப நாடு முழுக்க நடக்குது. உங்களுக்கு வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸும் பெக்டனும் பக்கம். நான் இங்க வேலன்டைன்ஸ் பார்க்கில்.

நீங்க ஓட வேண்டாம், வாலன்டியராகப் பேர் கொடுங்க. முதல் தடவை பார்கோடு ஸ்கேனிங் கேளுங்க. ஓடி முடிக்கிறவங்க கையில் ஒரு டோக்கன் இருக்கும். அவங்க சொந்த பார்கோடையும் அந்த டோக்கனையும் போனில் ஸ்கேன் பண்ணணும், அவ்வளவுதான். இருநூறு பேர் வந்தா இருநூறு தடவை "வெல் டன், பார்கோடு ப்ளீஸ்" சொல்லணும். முதல் முப்பது பேர் வரைக்கும் எனக்குத் தொண்டை அடைச்சுது. அம்பதைத் தாண்டினதும் தானா வந்துச்சு. அப்புறம் வர்றவங்க வேர்வையைத் துடைச்சுட்டே "ஹாட் டுடே, இஸின்ட் இட்?" என்பாங்க. இந்த "இஸின்ட் இட்" நம்ம "இல்லீங்களா" தான்! "வெயில் ஜாஸ்தி, இல்லீங்களா?" அது புரிஞ்ச அன்னைக்கு எனக்கு பாதி பயம் போச்சு.

அடுத்த வாரமும் அதே முகங்கள்தான் வரும். உங்க வாக்கியமும் அதேதான். கொஞ்சம் பழகின பிறகு டெயில் வாக்கர் கேளுங்க. எல்லாருக்கும் கடைசியா, ரொம்ப மெதுவா வர்றவங்க கூடவே நடந்து வரணும். ஒரு மணி நேரம் ஒரே ஆளோட பேச்சு. முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நடந்து பழகுற ஒரு பாட்டியம்மாகூட நான் நடந்தேன். அவங்களும் மெதுவாத்தான் பேசினாங்க, நானும் மெதுவாத்தான் பேசினேன். பையனுக்கு ஞாயிறு காலை ஜூனியர் பார்க்ரன் இருக்கு, 2 கிலோமீட்டர், 4 வயசிலிருந்து 14 வரைக்கும்.

பூசணிக்கொடி:

பிள்ளை, நான் யாழ்ப்பாணம். 2001 இல வந்தனான். பதினைஞ்சு வருசம் வீடும் கடையும் எண்டு போட்டுது. எனக்கு வாய் திறந்தது தோட்டத்தாலதான்.

கவுன்சில் தோட்டம் செய்ய வாடகைக்கு விடுற அலொட்மென்ற் துண்டுக்குப் பேர் பதிஞ்சால் கனகாலம் காத்திருக்க வேணும். அதால கிட்டடியில கொம்யூனிற்றி கார்டின் ஏதும் இருக்கோ எண்டு லைப்ரரியில கேட்டுப் பாருங்கோ. இஞ்ச ஸ்லக் எண்டு ஓடில்லாத நத்தை. ராவில வந்து பூசணிக் கண்டை அடியோட தின்னும். பக்கத்துத் துண்டில நிண்ட வெள்ளைக்கார ஐயாவின்ர அவரைக்கும் அதே கதிதான். அவர் சோசரில பியர் ஊத்தி வையுங்கோ எண்டார். நான் முட்டைக்கோதை நொருக்கிப் போடுங்கோ எண்டன். எது சரி எண்டு மூண்டு கிழமை தர்க்கம். அந்தத் தர்க்கத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் எங்கயிருந்து வந்ததோ தெரியாது. நான் பிழை பிழையாக் கதைச்சாலும் மனுசன் ஒரு நாளும் திருத்தேல்லை. அவருக்கு அவரைக்காய்தான் கவலை.

இன்னொண்டு. ஓகஸ்ட்டில ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்குக் கட்டாயம் போங்கோ. தேர் றோட்டில வரும். தேங்காய் குவிச்சு உடைப்பினம், ஆம்பிளையள் பிரதட்டை, பொம்பிளையள் கற்பூரச்சட்டி. அந்தத் தெருவில இருக்கிற வெள்ளைக்காரச் சனம் வாசலில நிண்டு, "வை த கோகனட்ஸ்?" எண்டு கேட்பினம். விலகிப் போகாம நீங்களே பதில் சொல்லுங்கோ. எங்கட விசயம், எங்களுக்குத் தெரியாததே? நான் முதல் நாள் இரவே நாலு வசனம் எழுதிப் பாடமாக்கினனான். ஓடுதான் ஆணவம், உடைச்சால் உள்ளுக்கு வெள்ளை எண்டு. அதைக் கேட்ட மனுசி தன்ர மகளையும் கூப்பிட்டு, "டெல் ஹர் டூ" எண்டா. ரெண்டாந்தரம் சொல்லேக்க எனக்குத் தடங்கேல்லை.

வைகை:

குளோப் தியேட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கைப் போலவே கட்டி 1997-ல் திறந்தது. முற்றத்துக்கு மேலே கூரை கிடையாது. அங்கே நின்று பார்க்கிற டிக்கெட் நான் போனபோது 5 பவுண்ட். மழை வந்தாலும் குடை பிடிக்க விடமாட்டார்கள், ரெயின்கோட் எடுத்துப் போங்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு மூன்று மணி நேரம் நிற்பது பெரிதில்லை. கதையை முன்கூட்டியே தமிழில் படித்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் பிடிபடாது. இதில் பேச்சு வளரும் என்று சொல்ல மாட்டேன், காது பழகும். ஆறு வயதுப் பையனுக்கு இது வேண்டாம், உங்கள் கணவரோடு அவன் வீட்டில் இருக்கட்டும்.

தில்லைநகர்:

மூன்று பேருக்கும் நன்றி. நாலு சனிக்கிழமை கழித்து எழுதுகிறேன்.

வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸில் பேர் கொடுத்தேன். ஸ்கேனிங் இரண்டு வாரம். இல்ஃபோர்டு அக்கா சொன்னது சரிதான், எனக்கு நாற்பது பேர் ஆனது. போன வாரம் மார்ஷலாக, வளைவில் நின்று வழி காட்டுகிற வேலை. கூட ஒரு வயதான அம்மா. புல்வெளியில் ஒரு பக்கம் வேலி கட்டியிருந்ததைக் காட்டி ஏன் என்று நானாகத்தான் கேட்டேன். ஸ்கைலார்க் தரையில் கூடு கட்டுகிற காலம், நாயும் ஆளும் மிதிக்காமலிருக்க, என்றார். மேலே பறந்துகொண்டே பாடும் என்று கையைச் சுழற்றிக் காட்டினார். அப்போதுதான் பொறிதட்டியது. எங்கள் மொழியில் அது வானம்பாடி, வானம் ஸ்கை, பாடி சிங்கர் என்றேன். "சே தட் அகெய்ன்" என்றார். மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன். "ம்பா" அவருக்கு வந்துவிட்டது, "டி" தான் இன்னும் வரவில்லை.

பூசணிக்கொடி அக்கா, ஈலிங் தேருக்கு வருகிறோம். எந்த இடத்தில் நின்றால் உங்களைப் பார்க்கலாம்?