தாத்தாவின் 80: குழுப்படம்

கீதா அத்தை: ஞாயிறு மாலை குழுப்படம் யார் எடுப்பது? போன முறை பின்வரிசை முழுவதும் இருட்டு.

ராஜு மாமா: முழுவதும் இல்லை. நானும் என் அக்காவும் மட்டும்.

மீனா: அப்பா, மறுபடியுமா 🙏

அருண்: ஃபிளாஷை டிடிஎல்லில்தான், அதாவது தானியங்கி முறையில்தான், வைத்திருந்தேன். கணக்கிட்டது கேமரா.

சுந்தரம் சித்தப்பா: முன்வரிசையில் அத்தனை வெள்ளைச் சட்டை! அதைப் பார்த்து டிடிஎல் வெளிச்சத்தைக் குறைத்திருக்கும். அதோடு முன்வரிசை 2 மீட்டரில், கடைசி வரிசை 4 மீட்டரில். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்குதான், 2 ஸ்டாப் போய்விடும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது.

ராஜு மாமா: அந்தக் கால்பங்குதான் எங்களுக்கு.

சுந்தரம் சித்தப்பா: கேளுங்கள் அத்தான். ஃபிளாஷைப் பின்னால் தள்ளினால் போதும். முன்வரிசை 6 மீட்டர், கடைசி 8 என்றால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கும் குறைவு. என் ஃபிளாஷின் கைடு நம்பர், அதாவது பலத்தின் அளவு, 36. அது ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100க்கு. ஐஎஸ்ஓ 400 வைத்தால் இரட்டித்து 72. நடுவரிசை 7 மீட்டர். கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸ் திறப்புக்கான எஃப் எண் வரும்: 72ஐ 7ஆல் வகுத்தால் 10 சொச்சம். ஆகவே மேனுவல், முழு பவர், எஃப் 10.

லட்சுமி பெரியம்மா: 👍 சாப்பாடு எத்தனை பேருக்கு?

அருண்: குழந்தைகள் அசைவார்கள். ஷட்டர் 1/500 வைக்கட்டுமா?

சுந்தரம் சித்தப்பா: கூடாது. உன் கேமராவின் சிங்க், அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200. அதைத் தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். அதற்குள் ஷட்டரை எப்படி மாற்றினாலும் ஃபிளாஷ் வெளிச்சம் மாறாது, அறை விளக்குதான் கூடும் குறையும்.

மீனா: மாமா, கூரையில் அடித்தால் முகம் மென்மையாக வருமே?

சுந்தரம் சித்தப்பா: வரும். ஆனால் கூரைக்குப் போய்த் திரும்பும் பாதை முழுவதையும் தூரமாகக் கணக்கிட வேண்டும். கூரையும் தன் பங்குக்கு விழுங்கும். வெள்ளைக் கூரைதானே?

கீதா அத்தை: பச்சை.

சுந்தரம் சித்தப்பா: அப்படியானால் எல்லோர் முகமும் பச்சை.

ராஜு மாமா: கறுப்புக்குப் பச்சை மேல்.

அருண்: 😂😂

கீதா அத்தை: அண்ணா, அந்த அறையில் 6 மீட்டர் பின்னால் போக இடம் இருக்கிறதா?

சுந்தரம் சித்தப்பா: அருண் அளந்து சொல்வான். ஃபிளாஷை மட்டும் தனியாக உயரத்தில் ஒரு முக்காலியில் வைக்கலாம். தூரத்தை ஃபிளாஷிலிருந்துதான் அளக்க வேண்டும், கேமராவிலிருந்து அல்ல.

அருண்: சனிக்கிழமை பார்க்கிறேன். வாசலுக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

லட்சுமி பெரியம்மா: உயரம் என்றதும் நினைவு வருகிறது. சுந்தரம், எங்கள் ஏணி உன் வீட்டில்தானே இருக்கிறது?

மீனா: 🤐

லட்சுமி பெரியம்மா: சுந்தரம்?