அம்மாவின் கழுத்து வலிக்குத் தொக்கணம் (சித்த மருத்துவ மசாஜ்) பார்க்கலாமா? நெல்லைக்காரர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மா வந்த ஆட்டோ வேகத்தடையில் தூக்கிப்போட்டதில் கழுத்து வெட்டி இழுத்துவிட்டது. எலும்பு முறிவு இல்லை. எம்ஆர்ஐயில் சி5, சி6 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார் டாக்டர். வலி பாதி குறைந்தது. ஆனால் தோள்பட்டைத் தசை இன்னும் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, வலது கட்டைவிரல் அவ்வப்போது மரத்துப்போகிறது.

மாமா, கன்னியாகுமரி பக்கம் வர்ம ஆசானிடம் (உடம்பின் வர்மப் புள்ளிகளைப் பார்த்து வைத்தியம் செய்பவர்) போகலாம் என்கிறார். எண்ணெய் போட்டுத் தசையை நீவிவிடுவதில் எனக்குத் தயக்கமில்லை. கழுத்தைத் திருப்பி 'டக்'கென்று சொடுக்குவதுதான் பயம். அதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரைக்கும் போகலாம். (சலூனில் சொடுக்கு எடுக்கிறவர்களும் கொஞ்சம் யோசியுங்கள்!)

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கழுத்துக்குத் தொக்கணம் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? பெண்களுக்குப் பெண்களே செய்கிறார்களா? எம்ஆர்ஐயைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறார்களா? விரல் மரத்துப்போவது இருந்தும் மசாஜ் எடுத்தவர்கள் அனுபவத்தை அவசியம் சொல்லுங்கள். தைலம் பெயர் மட்டும் வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே ஒரு கடையே இருக்கிறது.